ஒரு விடுப்புக் கோப்பு போகும் வழி

தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் எங்கள் பிரிவில் தொலைபேசி ஓய்வதே இல்லை. மகனின் முடிவை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் தந்தை. நாளைக்குள் மார்க்ஸ் கார்டு கொடுக்காவிட்டால் கிடைத்த வேலை போய்விடும் என்று கவுண்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேர்வு எழுதியிருந்தும் ‘வரவில்லை’ என்று பதிவான பையன். எல்லோருக்கும் முதலில் தெரியும் முகம் எங்களுடையது. கணினியில் ஒருவருடைய பதிவெண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மேலிடத்திலிருந்து இன்னொரு பட்டியல் கேட்டு ஆள் வந்து நிற்பார், அதுவும் உடனே வேண்டும். மதியத்துக்குக் கொண்டுவந்த டப்பாவைச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்தால் தயிர்சாதம் புளித்துப் போயிருக்கும்.

பெங்களூருவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் நான் முதல்நிலை உதவியாளர். இங்கே எஃப்.டி.ஏ. என்று சொன்னால்தான் புரியும். அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் கன்னடம், வீட்டில் தமிழ். எங்கள் பிரிவில் என்னைப்போல இன்னும் சில தமிழர்கள் இருக்கிறார்கள். திருப்பத்தூர், ஆம்பூர், தர்மபுரிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். பல்கலைக்கழகத்தில் மன அழுத்தம் என்ற பேச்சு வந்தால் மாணவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள், அடுத்து பேராசிரியர்களைப் பற்றி. இரண்டும் பேசப்பட வேண்டியவைதான். ஆனால் அந்தப் பேச்சு அலுவலக அறைகளுக்குள் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் வேலை எங்கே நெருக்குகிறது, எதைச் செய்தால் அந்த நெருக்கடி குறைகிறது என்று உள்ளே இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் நெருக்கடியின் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். புதிய தேசிய கல்விக் கொள்கையை உயர்கல்வியில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் கர்நாடகம். 2021-22இல் சேர்ந்த மாணவர்கள் அதன்படி படித்தார்கள். 2024-25இல் மாநில அரசு அந்தக் கொள்கையின் நான்காண்டுப் பட்டப்படிப்பைக் கைவிட்டு மறுபடியும் மூன்றாண்டுத் திட்டத்துக்கு வந்தது. அதற்கும் முந்தைய பாடத்திட்டத்தில் தாள் பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் எழுத வருகிறார்கள். எது சரி, எது தவறு என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மேசையில் அது எப்படி வந்து விழுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரே துறையில் ஒரே சமயத்தில் மூன்று வகைப் பாடத்திட்டம், மூன்று வகைக் கிரெடிட் கணக்கு, மூன்று வகை மார்க்ஸ் கார்டு. ஒரு கட்டத்துக்குள் தவறான எண்ணைத் தட்டினால் ஒரு பிள்ளை தோற்றுப் போகும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தக் கடிதம், கையெழுத்து, குழுக் கூட்டம் என்று வாரக்கணக்காகும். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு எண்ணையும் தட்டுகிறோம். ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. அவர்கள் பார்த்த வேலை மட்டும் ஓய்வுபெறவில்லை.

இதற்கு மருந்தாக எங்களுக்குக் கிடைப்பது வருடத்துக்கு ஓரிரு முறை நடக்கும் மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி. அரங்கில் உட்காரவைத்து மூச்சுப்பயிற்சி சொல்லித் தருவார்கள், நேர்மறையாகச் சிந்திப்பதைப் பற்றி ஒருவர் பேசுவார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் மதிப்பிட்டுத் தரம் வழங்கும் ‘நாக்’ அமைப்பு, 1994இல் தொடங்கப்பட்டது, இதே பெங்களூருவில் நாகரபாவியில் இருக்கிறது. அதன் ஆறாவது அளவுகோல் ஆட்சி, தலைமை, நிர்வாகம் பற்றியது. ஆசிரியர்களுக்கும் ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கும் பயனுள்ள நலத்திட்டங்கள் உண்டா என்ற கேள்வி அதில் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடையாகப் புகைப்படத்தையும் கையெழுத்துப் பட்டியலையும் வைப்பது எளிது என்பதால் அவை மட்டுமே வைக்கப்படுகின்றன. மூச்சுப்பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அது பல ராத்திரிகளில் தூக்கம் தந்திருக்கிறது. என்றாலும் உலை பொங்கும்போது அடுப்பைத் தணிக்காமல் மூடியை மட்டும் நகர்த்தி வைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? பயிற்சி முடிந்து திரும்பிவந்தால், பயிற்சிக்குப் போன அந்த அரை நாள் வேலையும் சேர்ந்து மேசையில் காத்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், வேலையால் ஆள் முற்றிலும் களைத்துத் தீர்ந்துபோகும் நிலைக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாமல் நாள்பட்டுப்போன பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் விவரித்தார்கள். அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையின் மீதே வெறுப்பும் விலகலும் வருவது, தன்னால் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். மூன்றையும் எங்கள் பிரிவில் ஆள் ஆளாக என்னால் காட்ட முடியும். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த விவரிப்பில் பணியிடம் என்ற சொல் இருப்பது. ஊழியரின் சுபாவத்தில் குறை தேடுவதற்கு முன்னால் வேலை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை.

பழைய ஆய்வு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பிரிட்டனில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை 1967 முதல் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். மைக்கேல் மார்மட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுகள் பலரை வியக்க வைத்தன. பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று அதுவரை பொதுவாக நம்பினார்கள். கணக்கெடுத்துப் பார்த்தபோது, கடைநிலையில் கோப்பு சுமந்தவர்கள், வாசல் காத்தவர்கள் ஆகியோரின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளுடையதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் முழுவதுமாக மறையவில்லை. 1985இல் பெண்களையும் சேர்த்து 10,000க்கும் அதிகமான ஊழியர்களைக் கொண்டு அடுத்த ஆய்வைத் தொடங்கினார்கள். தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் ஒருவருக்குப் பிடி குறையக் குறைய இதயநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பது அதில் தெரியவந்தது. வேலைப்பளு அதிகமாக இருப்பது மட்டும் ஆளைத் தின்பதில்லை. பளுவும் அதிகம், சொந்தமாக முடிவெடுக்க இடமும் இல்லை என்ற நிலைதான் தின்கிறது என்று அமெரிக்காவின் ராபர்ட் காரசெக் 1979இலேயே எழுதியிருக்கிறார்.

எங்கள் பிரிவின் அட்டெண்டர் அம்மாவை நான் அந்த ஆய்வோடு சேர்த்தே நினைக்கிறேன். விடைத்தாள் கட்டுகளை லாரியிலிருந்து இறக்கி, எண் பார்த்து அடுக்கி, மதிப்பீட்டு அறைக்கும் பாதுகாப்பு அறைக்கும் இடையே நாள் முழுக்க நடப்பவர். லிஃப்ட் பழுதானால் கட்டுகள் அவர் தோளில் ஏறும். எந்தக் கட்டு முதலில் போக வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை, ஆனால் ஒரு கட்டு இடம் மாறினால் முதல் விசாரணை அவரிடம்தான். “உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கே தலைவலி வருகிறது கண்ணு, எனக்கு வந்தால் யாரிடம் சொல்வது?” என்று ஒருநாள் கேட்டார். மன அழுத்தப் பயிற்சிக்கு அவரை யாரும் அழைத்ததில்லை. பயிற்சி நடக்கும் அரங்கில் நாற்காலி போட அழைத்திருக்கிறார்கள்.

இனி அந்த விடுப்புக் கோப்பு.

எங்களோடு மதிப்பெண் தொகுப்பு மேசையில் ஒரு அண்ணன் இருந்தார், இன்னும் இருக்கிறார். கணக்கில் அவ்வளவு சுத்தம்; அவர் சரிபார்த்த பட்டியலை யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். பாடத்திட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழத் தொடங்கிய காலத்தில் அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. முடித்துக் கையெழுத்துப் போட்ட பட்டியலைத் திரும்ப வாங்கிப் பார்ப்பார். கொடுத்துவிட்டு மறுபடியும் வந்து கேட்பார். கே.ஆர். புரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு காவலாளிக்குப் போன் செய்து அறை பூட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். வேகம் குறைந்தது, அதற்காக ஒரு மெமோ வந்தது. அண்ணி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்து பதிவெண்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், சாப்பாடு இறங்கவில்லை, நீங்கள்தான் ஆபீசில் யாரிடமாவது எடுத்துச் சொல்ல வேண்டும்” என்றார். ஒசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போனார்கள். மருந்தும் ஓய்வும் தேவை என்று சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

சான்றிதழில் நோயின் பெயரைப் படிக்கவே தேவையில்லை, மேலே இருக்கும் மருத்துவமனையின் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற பெயரை எப்படிக் கேலியாகச் சொல்வார்களோ அதேபோல இங்கே அந்தப் பெயரைச் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. உண்மையில் அது 1974இல் தேசிய நிறுவனமாக உருவெடுத்து, நாட்டின் மனநல மருத்துவத்துக்கே தலைமையிடமாக விளங்கும் இடம். தமிழ்நாட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே வருகிறார்கள். அந்தச் சான்றிதழை இணைத்து அண்ணி கொடுத்த விண்ணப்பம் முதலில் தபால் பிரிவுக்குப் போனது. அங்கே பதிவேட்டில் பொருள் என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதப்பட்டது. பிறகு பணியாளர் பிரிவின் கேஸ் வொர்க்கர். அவர் நோட் ஷீட்டில், இன்னார் மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வருவதால் என்று தொடங்கி எழுதினார். அதன்மேல் கண்காணிப்பாளர், உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர் என்று ஆளுக்கொரு கையெழுத்து. ஒரு மேசையில் சந்தேகம் வந்து கோப்பு கீழே இறங்கி மறுபடி ஏறியது. அனுமதி கிடைத்த பிறகு சம்பளத்துக்காக நிதிப் பிரிவுக்குப் போனது. கோப்பு இருந்த ஒவ்வொரு மேசையிலும் அடுத்த நாற்காலிக்காரர் இருக்கிறார், டீ கொண்டுவரும் பையன் இருக்கிறான். யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஐயோ பாவம் என்றுதான் பேசினார்கள். அண்ணன் திரும்பி வந்த காலையில் அவர் போய்வந்த இடம் கட்டடம் முழுவதற்கும் தெரிந்திருந்தது.

பாதுகாப்பு அறைச் சாவி அவரிடம் திரும்பக் கொடுக்கப்படவில்லை. அவர் காதுபடவே “அவருக்கு டென்ஷன் கொடுக்காதீர்கள்” என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் அன்பாகத்தான் சொன்னார். அண்ணன் அன்று பேசாமல் இருந்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் என்னிடம், “சாவியைக் கொடுத்திருந்தால் பாதி சரியாகியிருப்பேன் அம்மா” என்றார். வேலைச் சுமையால் உடைந்த ஒரு மனிதர் மருந்தாலும் ஓய்வாலும் எழுந்து வந்தார். அவர் மீதிருந்த நம்பிக்கையை அலுவலகக் காகிதம் எடுத்துக்கொண்டுவிட்டது. பல்கலைக்கழகங்களில் ஊழியர் நலம் என்று எதையாவது தொடங்க வேண்டுமானால் இந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். விடுப்பு கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கும்வரை, எந்தக் கவுன்சலரை நியமித்தாலும் அவர் அறைக்கு யாரும் போக மாட்டார்கள்.

இதைச் சரிசெய்யச் சட்டத் திருத்தமோ பட்ஜெட்டோ வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் மருத்துவ அதிகாரி இருக்கிறார். சான்றிதழை முத்திரையிட்ட உறையில் அவரிடம் நேரடியாகக் கொடுக்கலாம். அவர் பார்த்துவிட்டு, மருத்துவ விடுப்பு இத்தனை நாளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது என்று ஒரு வரி எழுதித் தந்தால், கோப்பில் அது மட்டும் ஏறும். மூலச் சான்றிதழ் அவரிடமே இருக்கும். சர்க்கரை நோய்க்கும் மூட்டுவலிக்கும் இதே வழி என்று வைத்துவிட்டால், உறையைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்கவும் முடியாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கும் கடமையை அது சிகிச்சை தருபவர்கள் மீது வைக்கிறது. சான்றிதழ் ஓர் அலுவலகக் கோப்புக்குள் நுழைந்த பிறகு அந்த வேலியைப் போட வேண்டியது அலுவலகம்தான், அதற்கான விதியை அலுவலகமே எழுத வேண்டும். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு வாய்க்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சைக்குக் கைக்காசுதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அது அங்கீகரிக்கும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. பணிக்காலத்தில் ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி அரசு நிறுவனங்கள் அவரை வேலையிலிருந்து எடுக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது, பழைய பணிக்கு அவர் பொருந்தாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்று அதன் 20ஆம் பிரிவு சொல்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஊழியர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊழியர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டினோம்.

கடந்த சில செமஸ்டர்களில் எங்கள் பிரிவில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அதைச் செய்தவர் நிதிப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த கண்காணிப்பாளர். மண்டியாக்காரர், நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். வந்தவுடன் அவர் எதையும் மாற்றவில்லை. ஒரு முடிவு வாரம் முழுக்கப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அடுத்த முடிவுக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தொடங்கினார்.

முதலாவது தொலைபேசி. எல்லா மேசையிலும் மணி அடிப்பதை நிறுத்தி, இரண்டு பேர் மட்டும் தொலைபேசி எடுப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவது என்று வைத்தார். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஓர் எண்ணைப் பாதி தட்டும்போது மணி அடிக்காது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அடுத்தது மதிய இடைவேளை. ஒன்றரை மணியிலிருந்து கவுண்ட்டர் மூடப்படும் என்று வெளியே பலகை வைத்தார். சண்டை வரும் என்று பயந்தோம். வரிசையில் நின்ற பிள்ளைகள் பலகையைப் படித்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள்.

அவர் செய்ததில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது ஒரு துண்டுச் சீட்டு. மேலிடத்திலிருந்து யார் அவசரமாக ஒரு பட்டியல் கேட்டாலும், சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். இன்றே வேண்டிய வேலை என்ன என்பது ஒன்று. அதற்காக நாளைக்குத் தள்ளிவைக்கப்படும் வேலை என்ன என்பது மற்றொன்று. இரண்டாவது கட்டத்தை நிரப்பாமல் வந்த சீட்டை அவர் பணிவாகத் திருப்பி அனுப்பிவிடுவார். அதுவரை எதைத் தள்ளிவைப்பது என்ற முடிவும் அதன் பழியும் எங்கள் தலையில் இருந்தன. இப்போது அது முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களிடமே போய்ச் சேர்ந்தது. அவசரச் சீட்டுகளின் எண்ணிக்கை தானாகவே குறைந்தது.

மதிப்பெண் சரிபார்ப்பை இருவர் வேலையாக்கினார். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையில் பார்ப்பார். பிழை கண்டுபிடிக்கப்பட்டால் பதிவேட்டில் பிழையின் வகை மட்டும் எழுதப்படும், ஆளின் பெயர் இருக்காது. எந்தப் பாடத்திட்டத்தில் எந்தக் கட்டத்தில் திரும்பத் திரும்பத் தவறு நேர்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. படிவத்தையே மாற்றச் சொல்லி எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மதிப்பீட்டு முகாமுக்கு வருபவர்களுக்கு மாற்று விடுப்பு எந்தத் தேதியில் என்பதை முகாம் தொடங்குவதற்கு முன்பே எழுதிக் கொடுத்தார். முன்பெல்லாம் அந்த விடுப்பு கணக்கில் இருக்கும், கையில் கிடைக்காது. அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த வேலையில் உட்கார விருப்பம் என்று கேட்டார். தொகுப்பு மேசையிலேயே இருக்கிறேன், ஆனால் இறுதிக் கையெழுத்தை இன்னொருவரோடு சேர்ந்து போடுகிறேன் என்றார் அவர். அப்படியே நடந்தது. சாவியும் வந்தது.

பணியிட அழுத்தத்தை ஆராய பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் 2004இல் ஒரு அளவுகோல் வெளியிட்டது. வேலையின் அளவு, அதன் மீது ஊழியருக்குள்ள பிடி, கிடைக்கும் ஆதரவு, ஒருவரோடொருவர் பழகும் விதம், பொறுப்பில் தெளிவு, மாற்றங்கள் அறிமுகமாகும் முறை என்று ஆறு விஷயங்களை அது பார்க்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வேலை அமைப்பைத் திருத்துவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் பரிந்துரைக்கிறது. மேடம் இவற்றைப் படித்துவிட்டு வரவில்லை. உட்கார்ந்து பார்த்தார், எங்களிடம் கேட்டார், அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவரால் முடியாததும் இருந்தது. காலியான பணியிடங்களை நிரப்பும் அதிகாரம் ஒரு கண்காணிப்பாளருக்கு இல்லை. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் மேசைகளில் எந்தச் சீட்டும் முழு நிவாரணம் தராது. ஆள் போடாமல் நலம் பேசுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆசிரியர்களின் பாடு வேறு வகை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், வாரம் 40 மணி நேரப் பணி, உதவிப் பேராசிரியருக்கு அதில் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்று வரையறுக்கின்றன. வகுப்புக்குத் தயாராவது, விடைத்தாள், ஆய்வு மாணவர், தர மதிப்பீட்டுக் கோப்பு எல்லாம் மீதி நேரத்துக்குள் அடங்குவதில்லை. இன்னும் மோசமான நிலை கௌரவ விரிவுரையாளர்களுடையது. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று மானியக் குழு 2019இல் வரம்பு சொன்னது. பல இடங்களில் அந்த அளவு எட்டாக் கனி. 2023 இறுதியில் கர்நாடக அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வாரக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த செமஸ்டரில் வேலை உண்டா என்று தெரியாத ஒருவரிடம் மன அமைதி பற்றிப் பேசுவதற்கு முன்னால் நியமன ஆணையைப் பற்றிப் பேச வேண்டும்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் இருக்க வேண்டும். ஆசிரியர்களும் ஆசிரியரல்லாத ஊழியர்களும் வருடத்துக்கு இருமுறையாவது, மனம் உடைந்து நிற்பவருக்கு முதலுதவி தருவது எப்படி என்ற பயிற்சி பெற வேண்டும் என்று அதில் வழிகாட்டினார்கள். ஆசிரியரல்லாதவர்களையும் சேர்த்தது எனக்கு மனநிறைவைத் தந்தது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் முதலில் வந்து நிற்பது எங்கள் கம்பிக்கு முன்னால்தான்.

ஒரு முடிவு நாளில் ஒரு பையன் கவுண்ட்டரில் வந்து, இந்த முடிவோடு ஊருக்குப் போக முடியாது என்று மட்டும் சொன்னான். அவன் சொன்ன விதத்தைக் கேட்டு, அங்கே உட்கார்ந்திருந்த எங்கள் இளைய உதவியாளர் எழுந்து வெளியே போனாள். அவனைத் தண்ணீர் குடிக்க வைத்து, மாணவர் ஆலோசகர் அறைக்கு அழைத்துப் போய், அவன் மாமாவுக்குப் போன் செய்து, அவர் வரும்வரை கூடவே இருந்தாள். பையன் நலமாக இருக்கிறான். பாக்கித் தாளையும் எழுதிவிட்டான். அவள் திரும்பிவந்தபோது அவள் கவுண்ட்டரில் வரிசை கதவுவரை நின்றது. உட்கார்ந்து அடுத்த பதிவெண்ணைக் கேட்டாள். அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அப்படி ஒரு நிகழ்வுக்குப் பிறகு அந்த ஊழியரைக் குறைந்தது ஒரு மணி நேரம் கவுண்ட்டரிலிருந்து விடுவிக்க வேண்டும், யாராவது உட்கார்ந்து அவளிடம் பேச வேண்டும் என்பதை எழுத்தில் விதியாக்கக் கேட்டிருக்கிறோம். பயிற்சி கொடுத்துப் பொறுப்பையும் கொடுத்தால், பொறுப்பைச் சுமந்தவருக்கு ஆறவும் நேரம் கொடுக்க வேண்டும்.

மாணவர்களுக்காக இருக்கும் ஆலோசகரையே ஊழியர்களும் பார்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அவர் நல்லவர்தான். ஆனால் எங்கள் விடுப்பிலும் பதவி உயர்விலும் கையெழுத்துப் போடும் அதே அதிகாரிக்குத்தான் அவரும் அறிக்கை தருகிறார். அந்த அறைக்குள் நுழைவதை எதிர் அறையிலிருந்து எல்லோரும் பார்க்கலாம். ஊழியர்களுக்கான ஆலோசகர் வெளியிலிருந்து வர வேண்டும், வேறு கட்டடத்தில் உட்கார வேண்டும், யார் வந்தார்கள் என்ற பட்டியல் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. முடிந்தவரை அவரவர் மொழியில் பேசுபவராக இருக்க வேண்டும். அண்ணி ஆஸ்பத்திரியில் கன்னடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அண்ணன் தன் பயத்தைத் தமிழில் மட்டும்தான் சொன்னார்.

அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. எண் 14416. நிம்ஹான்ஸ் அதற்கு வழிகாட்டும் தலைமை மையம். இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அலுவலகத்துக்கு எதுவும் தெரியவராது. அட்டெண்டர் அம்மாவின் போனில் அந்த எண்ணை நானே பதிந்து கொடுத்தேன். அவர் பேசினாரா என்று நான் கேட்கவில்லை.

இந்த வருடம் சங்கத்தின் வழியாகப் பதிவாளருக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். மருத்துவச் சான்றிதழுக்கு முத்திரையிட்ட உறை, வெளி ஆலோசகர், கவுண்ட்டர் ஊழியருக்கு ஆறும் நேரம், அவசரச் சீட்டை எல்லாப் பிரிவுகளுக்கும் விரிவாக்குவது, காலியிடங்களை நிரப்புவது ஆகியவை அதில் இருக்கின்றன. எழுதி முடித்த பிறகு மேடம் ஒரு கேள்வி கேட்டார்: இது யாருக்கெல்லாம் பொருந்தும்? ஒப்பந்தத்தில் வந்திருக்கும் டேட்டா என்ட்ரி பிள்ளைகள், காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் சம்பளம் ஏஜென்சி வழியாக வருகிறது, நோய் வந்து நான்கு நாள் வராவிட்டால் ஐந்தாம் நாள் வேறு ஆள் வந்துவிடுவார். முடிவு வாரத்தில் அவர்களும் எங்களோடு இரவு ஒன்பது மணிவரை இருக்கிறார்கள். சங்க உறுப்பினரல்லாதவர்களைச் சேர்த்தால் மனுவே நிராகரிக்கப்படும் என்று சிலர் தயங்கினார்கள். பேசிப் பார்த்து, அவர்களையும் சேர்த்து மனுவைத் திருத்தி எழுதினோம். ஏஜென்சி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது நோய்க்கால விடுப்பைக் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும் என்ற வரியும் ஏறியது. பதிவாளரை நேரில் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம். அண்ணனும் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோப்பைப் பற்றிய பகுதியை அவரே பேசுகிறாராம்.